வயலில் பெப்பர்வீட் களையை இனங்காணுதல்: வேர் முதல் விதை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களில் குளிர்காலக் கோதுமை விளையும் வயல்களை மே மாதத்தில் சுற்றிவந்தால், வயலோரங்களிலும் பயிர் மெலிந்து நிற்கும் திட்டுகளிலும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு சிறு செடி கிளைத்து நிற்பதைக் காணலாம். உயரம் பெரும்பாலும் அரை மீட்டருக்குள்தான். பூத்திருக்கிறதா இல்லையா என்று நின்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் கிளைகள் முழுவதும் சிறு தட்டையான காய்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியைத்தான் அங்கே பொதுப் பெப்பர்வீட் என்கிறார்கள். தாவரவியலில் இதன் பெயர் லெபிடியம் டென்சிஃபுளோரம். இது வட அமெரிக்க மண்ணுக்கே உரிய செடி; பிற்காலத்தில் ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் புகுந்து அங்கேயும் நிலைத்துவிட்டது.

இதைச் சரியாக இனங்காண வேண்டியதன் தேவை, இதனால் நேரும் விளைச்சல் இழப்பில் மட்டும் இல்லை. நன்கு கிளைத்து அடர்ந்த கோதுமையில் இது பெரிதாகத் தலையெடுப்பதில்லை. ஆனால் உழவில்லாச் சாகுபடி செய்யும் வயல்களிலும், அறுவடைக்குப் பின் தரிசாக விட்ட நிலங்களிலும், சோயாவோ சோளமோ விதைப்பதற்கு முன்பே இது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அதைவிட முக்கியமான காரணம், இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சில களைகள் பல்லாண்டு வாழ்பவை என்பது. அவற்றை ஓராண்டுச் செடி என்று நினைத்து உழுதுவிட்டால், வேர்த்துண்டுகள் வயல் முழுவதும் பரவித் தொல்லை பெருகும். கன்சாஸ் மாநிலச் சட்டம் கட்டாயமாகக் கட்டுப்படுத்தச் சொல்லும் களைகளின் பட்டியலில் இருக்கும் ஹோரி கிரெஸ் அப்படிப்பட்ட உறவினச் செடிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் களையை அழிக்க ஏற்ற காலமும், இதை ஐயமின்றி அடையாளம் காண ஏற்ற காலமும் ஒன்றல்ல. காய் பிடித்த மே, ஜூன் மாதங்களில் இதை எளிதாக இனங்காணலாம். ஆனால் அப்போது மருந்து அடித்துப் பெரிய பயன் இல்லை. தரையோடு படர்ந்த இலைவட்டாக இருக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை எளிதாக அழிக்கலாம். ஆனால் அப்போது இது வேறு நான்கைந்து களைகளைப் போலவே தோன்றும். ஆகவே இந்த வழிகாட்டி முதலில் காய்த்த செடியைக் கற்பிக்கிறது. அதன்பின், அந்த அறிவைக் கொண்டு இலைவட்டை இனங்காணும் முறைக்குத் திரும்புகிறது.

வயலுக்குப் போகும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. இந்தச் செடியின் தீர்மானமான அடையாளங்கள் எல்லாம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கியவை. அவற்றைத் தொலைவிலிருந்து எடுத்த அலைபேசிப் படத்தைக் கொண்டு யாராலும் உறுதி செய்ய முடியாது. மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், கெட்டியான வெள்ளைத் தாள், வேரை முறிக்காமல் எடுக்க உதவும் சிறு களைக்கொத்து, காகித உறைகள், பென்சில் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நெகிழிப் பையில் வைத்த செடி ஒரே பிற்பகலில் வியர்த்து நசுங்கிவிடும். காகித உறைதான் ஏற்றது.

ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, ஒரே செடியில் நுனியில் பூவும் அடியில் முற்றிய காயும் இருக்கும். இரண்டையும் ஒரே கிளையில் பார்க்க முடிவதால் அந்த ஆறேழு வாரங்களே மிகச் சிறந்தவை. கோதுமை அறுவடை முடியும் நேரத்தில் செடி வெளிர்மஞ்சளாகக் காய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த செடி அடியில் ஒடிந்து, காற்றில் உருண்டு, போகும் வழியெல்லாம் விதை சிந்தும். வேலியோரத்தில் இக்களை வரிசையாக முளைத்திருப்பதைக் கண்டால், உருண்டு வந்த செடிகள் அங்கே தடுத்து நின்றிருக்க வாய்ப்புண்டு என்று கொண்டு, காற்று வந்த திசையில் உள்ள நிலத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

வயலுக்குள் டிராக்டர் சக்கரத் தடம், விதைக்கருவி விட்டுப்போன இடைவெளி, மண் அரிப்பைத் தடுக்கப் போட்ட மேட்டுவரப்பின் சரிவு, வண்டி திரும்பும் வயல்முனை ஆகிய இடங்களில் முதலில் தேட வேண்டும். பயிரின் நிழல் விழாத வெற்று மண்தான் இதற்கு வேண்டியது.

முதற்படி: வேரைப் பார்த்தல்

செடியை மேலே பிடித்து இழுக்காமல், களைக்கொத்தால் சுற்றிக் குத்தி வேரோடு எடுக்க வேண்டும். பொதுப் பெப்பர்வீட்டுக்கு மெல்லிய ஆணிவேர் ஒன்று நேராகக் கீழிறங்கும். அதிலிருந்து நூல் போன்ற பக்கவேர்கள் பிரியும். தரைக்கடியில் கிடைமட்டமாக ஓடும் தடித்த வேரோ, அதில் வெள்ளை மொட்டுகளோ, பக்கத்துச் செடியோடு வேர்த் தொடர்போ இருந்தால் அது பொதுப் பெப்பர்வீட் அன்று. ஹோரி கிரெஸ், ஈரமான தாழ்நிலங்களில் ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் பல்லாண்டுப் பெப்பர்வீட் ஆகிய இரண்டும் அப்படிப்பட்ட வேர்களை உடையவை. பல்லாண்டுக் களை என்னும் பெரிய ஆபத்து இந்த முதற்படியிலேயே தெரிந்துவிடுவதால்தான் வேரை முதலில் வைத்திருக்கிறேன்; வழக்கமாகச் செய்வதுபோல இலையில் தொடங்கினால் பலர் வேரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

இரண்டாம் படி: தண்டும் தண்டிலையும்

அடியில் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக எழுந்து, நடுப்பகுதிக்கு மேல் பல கிளைகளாகப் பிரியும். தண்டைக் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் மிகக் குட்டையான மயிர்கள் தெரியும். செடியின் சாம்பல் சாயைக்கு அவையே காரணம்.

பூக்கும் காலத்தில் அடியிலிருந்த இலைவட்டு பெரும்பாலும் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஆகவே தண்டின் நடுவிலும் மேலும் இருக்கும் இலைகளையே நம்ப வேண்டும். அவை ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்தவை, குறுகலானவை, கீழ் இலைகளின் விளிம்பில் ஒழுங்கற்ற பற்கள் இருக்கும், மேலே போகப்போகப் பற்கள் குறைந்து, நுனியருகே இலை வெறும் கோடு போல ஆகிவிடும். இவற்றில் பார்க்க வேண்டிய ஒரே இடம், இலை தண்டோடு சேரும் அடிப்பகுதி. பொதுப் பெப்பர்வீட்டில் அந்த அடிப்பகுதி ஒடுங்கிக் காம்பாகவோ காம்பில்லாமலோ தண்டில் போய்ச் சேரும், தண்டைத் தழுவாது. இலையடியில் காது மடல் போன்ற இரண்டு நீட்சிகள் தண்டின் இருபுறமும் வந்து பற்றிக்கொண்டிருந்தால் அது வேறு செடி.

தண்டைத் தழுவும் இலை எதைக் காட்டுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தழுவும் இலையும் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளக் காயும் இருந்தால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த வயல் பெப்பர்வீட், அதாவது லெபிடியம் கம்பெஸ்ட்ரி. மேலிலை வட்டமாகத் தண்டைச் சுற்றி வளைத்து, தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு போவது போலத் தோன்றி, பூ மஞ்சளாகவும் அடியிலைகள் நுண்ணிய இழைகளாகப் பிளந்தும் இருந்தால் அது லெபிடியம் பெர்ஃபோலியேட்டம். தழுவும் இலையோடு முக்கோண வடிவக் காய் இருந்தால் ஷெப்பர்ட்ஸ் பர்ஸ். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகன்று, சுற்றிலும் பரந்த சிறகுள்ள வட்டக் காய் இருந்தால் பென்னிகிரெஸ். இந்த நான்கையும் இலையடி ஒன்றைக் கொண்டே பொதுப் பெப்பர்வீட்டிலிருந்து விலக்கிவிடலாம் என்பதால், இந்தப் படியில் கூடுதலாக ஒரு நிமிடம் செலவிடுவது வீண் போகாது.

மூன்றாம் படி: பூ

கடுகுப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் கணக்கு தெரியும்: நான்கு புல்லி இதழ், சிலுவை போல் நான்கு அல்லி இதழ், நான்கு நெடிதும் இரண்டு குட்டையுமாக ஆறு மகரந்தத்தாள். கடுகுக் குடும்பத்தின் பெரும்பான்மைச் செடிகள் இந்த அமைப்பில் இருப்பவை. பொதுப் பெப்பர்வீட் இதிலிருந்து விலகி நிற்கிறது.

கிளையின் நுனியிலிருந்து இரண்டு மூன்று பூக்களை வெள்ளைத் தாளில் உதிர்த்து, கைலென்ஸைக் கண்ணருகில் வைத்துத் தாளைக் கண்ணை நோக்கி உயர்த்திப் பார்க்க வேண்டும். நான்கு புல்லி இதழ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அல்லி இதழ்கள் அறவே இல்லாமல் இருக்கும், அல்லது புல்லி இதழை மீறாத வெள்ளை இழைகளாகச் சுருங்கியிருக்கும். மகரந்தத்தாள்கள் இரண்டே. தாவரத்தில் பூ இருப்பதே முதலில் கண்ணுக்குப் படாததற்கு இந்த அல்லி இதழின்மைதான் காரணம். நுனிகள் வெள்ளையாகத் தெரியாமல் பசுமையாகவே தெரிவதால் சிலர் இதைப் பச்சைப்பூப் பெப்பர்வீட் என்றும் அழைக்கிறார்கள்.

ஒரே பூவை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. அல்லி இதழ் உதிர்ந்த முதிர்ந்த பூவும் இதழே இல்லாத பூவும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்போதுதான் விரிந்த, மகரந்தப்பை மஞ்சளாக இருக்கும் பூவைத் தேர்ந்து, குறைந்தது மூன்று செடிகளில் பார்ப்பதே பாதுகாப்பு.

நான்காம் படி: காய்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே செய்ய நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாகவே இருக்க வேண்டும். லெபிடியம் பேரினத்தில் இலை, நிலத்தின் ஈரத்துக்கும் ஊட்டத்துக்கும் ஏற்ப மாறும், உயரம் மாறும், கிளைப்பும் மாறும். காயின் வடிவம் அவ்வளவாக மாறுவதில்லை.

தொலைவிலிருந்து பார்க்கையில், காய்கள் அடர்ந்த கிளை புட்டி கழுவும் பிரஷ் போலத் தோன்றும்: நடுவில் நிமிர்ந்த அச்சு, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளக் காம்புகள், ஒவ்வொரு காம்பின் முனையிலும் ஒரு தட்டைக் காய். அடிக்காய்கள் முற்றிப் பழுப்பேறும்போது நுனியில் இன்னும் மொட்டு வந்துகொண்டிருக்கும்.

கிளையின் அடிப்பாதியிலிருந்து முற்றிய காய் ஒன்றைப் பறித்துத் தாளில் தட்டையாக வைத்து அளக்க வேண்டும். நீளம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர், சில நேரம் அதற்குச் சற்று மேல். அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்போது காயின் எந்த உயரத்தில் அகலம் மிகுதியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பொதுப் பெப்பர்வீட்டின் காய் நடுவுக்கு மேலே அகன்று, காம்புப் பக்கம் ஒடுங்கும். அதாவது முட்டையைத் தலைகீழாக வைத்த வடிவம். மேல்விளிம்பில் மெல்லிய சிறகு ஓடும்; உச்சியில் ஆழமில்லாத ஒரு சிறு பிளவு இருக்கும். அந்தப் பிளவுக்குள்ளேயே சூலகத்தண்டின் எச்சம் ஒரு புள்ளியாக அடங்கிவிடும்; பிளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. காயின் பரப்பு பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும்.

காயை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நடுவே செங்குத்தாக ஒரு கோடும் அதன் இருபுறமும் ஒவ்வொரு விதையின் நிழலும் தெரியும். ஒரு அறைக்கு ஒரு விதை, காய்க்கு இரண்டு விதை: இது உறுதியான அடையாளம். ஷெப்பர்ட்ஸ் பர்ஸ், பென்னிகிரெஸ் இரண்டிலும் அறைக்குப் பல விதைகள் இருக்கும். காய் உலர்ந்து வெடிக்கையில் இரு பக்க ஓடுகளும் விதையோடு உதிர்ந்துவிட, காம்பின் முனையில் குறுகலான, கண்ணாடித்தாள் போன்ற நடுச்சவ்வு மட்டும் எஞ்சி நிற்கும். ஜூலையில் காய்ந்த செடியில் விதையே கிடைக்காவிட்டாலும் இந்தச் சவ்வுகள் கிடைக்கும். இது கடுகுக் குடும்பத்துச் செடிதான் என்று சொல்ல அவை போதும்.

ஐந்தாம் படி: விதை

விதை செம்பழுப்பு நிறம், தட்டை, ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். சில விதைகளைத் தாளில் வைத்து ஒரு துளி நீர் விட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், ஒவ்வொரு விதையையும் சுற்றி நிறமற்ற வழுவழுப்பான கூழ் உறை ஒன்று வீங்கி வரும். நனைந்த விதை மண்ணிலும் கருவிகளிலும் ஒட்டிக்கொள்வது இந்தக் கூழால்தான். ஆகையால் மழைக்குப் பின் களை நிறைந்த வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோகும்போது சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் கழுவிவிடுவது தேவையற்ற வேலை அன்று.

ஆறாம் படி: வர்ஜீனியா பெப்பர்வீட்டிலிருந்து பிரித்தறிதல்

இதுவரை சொன்ன எல்லாப் படிகளையும் தாண்டி வரக்கூடிய செடி ஒன்று உண்டு. லெபிடியம் வர்ஜினிக்கம் என்னும் வர்ஜீனியா பெப்பர்வீட்டும் வட அமெரிக்காவுக்கு உரியது. அதுவும் ஓராண்டுச் செடி. அதன் இலையும் தண்டைத் தழுவாது. அதன் காயிலும் இரண்டே விதை. அதன் பூவிலும் பெரும்பாலும் இரண்டே மகரந்தத்தாள். சமவெளி மாநிலங்களில் இரண்டும் ஒரே சாலையோரத்தில் கலந்து நிற்பதுண்டு. அதனால் இந்த இரண்டையும் பிரிக்கும் இடத்தில்தான் கவனம் மிகுதியாக வேண்டும்.

முதல் வேறுபாடு அல்லி இதழ். வர்ஜீனியா இனத்தில் நான்கு வெள்ளை இதழ்கள் தெளிவாக இருக்கும். புல்லி இதழைவிட நீளமாக ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை வளரும். நுனி முழுவதும் வெண்புள்ளிகளாகத் தெரிவதால், பழகிய கண் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்தே இதை ஊகிக்கும். இரண்டாவது காய். வர்ஜீனியாவின் காய் ஏறக்குறைய முழு வட்டம். அகலம் நடுவிலேயே மிகுதி. சராசரியில் சற்றுப் பெரிது. ஐந்து காய்களைப் பக்கம் பக்கமாக வரிசைப்படுத்திப் பார்க்கும்போது தலைகீழ் முட்டை வடிவமும் வட்டமும் நன்றாகப் பிரிந்து தெரியும். ஒற்றைக் காயைப் பார்த்தால் ஐயம் நீங்காது.

மூன்றாவது அடையாளம் விதைக்குள் இருக்கிறது. ஊறிய விதையைக் கூர்மையான பிளேடால் குறுக்கே வெட்டிக் கைலென்ஸில் பார்த்தால், வட்டமான முளைவேரும் தட்டையான இரண்டு வித்திலைகளும் தெரியும். முளைவேர் ஒரு வித்திலையின் முதுகில் படிந்திருந்தால் பொதுப் பெப்பர்வீட். இரு வித்திலைகளின் ஓரத்தை ஒட்டி முளைவேர் அமைந்திருந்தால், சமவெளியிலும் கிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் வர்ஜீனியா பெப்பர்வீட். முதலில் கை நடுங்கும், விதை வழுக்கும். விதையை ஈரமான அட்டையில் வைத்து வெட்டினால் எளிதாகும். பூக்காலம் முடிந்து, இதழைப் பார்க்க வழியில்லாத செடிகளுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவுகிறது.

களை நிர்வாகத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இல்லை என்பதால் இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். வயல் ஆய்வு, மருந்துச் சோதனை, மாநிலத் தாவரப் பதிவு ஆகியவற்றில் ஈடுபட்டிருப்பவர் இனத்தைத் தவறாக எழுதினால், அந்தப் பிழை அவரோடு நிற்காது. அடுத்து அதைப் படித்து முடிவெடுக்கும் எல்லோரையும் போய்ச் சேரும். உழவருக்கு அந்த அளவு தேவையில்லை; ஓராண்டுப் பெப்பர்வீட் என்று உறுதி செய்தாலே அவருக்குப் போதும்.

ஏழாம் படி: இலைவட்டைத் தேடுதல்

கோடையில் காய்த்த செடிகள் நின்ற இடங்களை வயல் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தால், இலையுதிர் காலத்தில் தேடும் வேலை பாதியாகக் குறையும். செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பின் அதே திட்டுகளில் நாற்றுகள் முளைக்கும். ஒரு பகுதி வசந்தத் தொடக்கத்திலும் முளைக்கும்.

வளர்ந்த இலைவட்டு தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். இலைகள் அடியில் ஒடுங்கி நுனிப் பக்கம் அகன்றவை. மூன்று முதல் எட்டு சென்டிமீட்டர் நீளம். விளிம்பு சிலவற்றில் கரடுமுரடான பற்களோடும் சிலவற்றில் நடுநரம்பை நோக்கி ஆழமாக வெட்டுண்டும் இருக்கும். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் காரமான கடுகு நெடி எழும். நாவில் வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். மருந்து அடித்த வயலில் எந்தச் செடியையும் சுவைத்து அறியக் கூடாது.

நெடி இல்லாமல், இலை முட்டை வடிவில் மயிர் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சூரியகாந்திக் குடும்பத்து ஹார்ஸ்வீட். உழவில்லா வயல்களில் இதனோடு சேர்ந்தே வருவது. இலை மிக நுண்ணிய இழைகளாக இரண்டு மூன்று முறை பிளந்திருந்தால் ஃபிளிக்ஸ்வீட் அல்லது டான்சி மஸ்டர்ட். இலை மயிரே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பென்னிகிரெஸ். எல்லாவற்றையும்விடக் குழப்புவது ஷெப்பர்ட்ஸ் பர்ஸ்தான். அதன் இலைவட்டும் பல்லும் வெட்டுமாக இதைப் போலவே படர்ந்திருக்கும். கைலென்ஸில் இலைப்பரப்பைப் பார்த்தால், அதில் விண்மீன் போலக் கிளைத்த மயிர்கள் இருக்கும். பெப்பர்வீட்டில் மயிர்கள் கிளைக்காமல் ஒற்றையாகவே இருக்கும். அதன் பிறகும் ஐயம் இருந்தால், இரண்டு இலைவட்டுகளை மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்து வளரவிடலாம். வசந்தத்தில் அவை பூத்துக் காய்த்ததும் மேற்சொன்ன காய்ச் சோதனையைச் செய்தால், அடுத்த ஆண்டிலிருந்து அந்த வயலில் ஐயத்துக்கு இடமிருக்காது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் பேரின அடையாளங்களைப் பழக விரும்பினால், நீலகிரியில் பரவியிருக்கும் லெபிடியம் டிடிமம் என்னும் உறவினச் செடியைப் பார்க்கலாம். அது நிமிராமல் தரையில் படரும். கசக்கினால் கடும் நாற்றம் வீசும். காய் இரட்டை உருண்டையாக இருக்கும். அல்லி இதழ் குன்றிய பூவையும் மகரந்தத்தாள் குறைந்த அமைப்பையும் அதிலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

எட்டாம் படி: மாதிரியும் பதிவும்

வேர், தண்டிலை, பூ, முற்றிய காய் நான்கும் உள்ள செடியாகத் தேர்ந்து, செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே கனமான பலகை வைத்து, முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்றி உலர்த்த வேண்டும். உதிரும் காய்களை ஒரு சிறு உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிட வேண்டும். தேதி, வயலின் இடம், பயிர், முந்தைய பயிர், உழவு முறை, செடி நின்ற இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். இதழ் இருந்ததா, எத்தனை மகரந்தத்தாள் என்பதைப் பறித்த அன்றே எழுதிவிட வேண்டும். உலர்ந்த பின் அதைக் காண்பது கடினம். இப்படிச் செய்த மாதிரியைக் கவுண்டி (அங்குள்ள மாவட்டம் போன்ற பிரிவு) வேளாண் விரிவாக்க அலுவலகத்திலோ மாநிலப் பல்கலைக்கழக உலர்தாவரக் காப்பகத்திலோ காட்டினால், அவர்களால் ஐயமின்றிப் பெயர் சொல்ல முடியும்.

இனம் உறுதியான பின், அழிப்பு வேலையை அடுத்த இலைவட்டுக் காலத்துக்குத் திட்டமிட வேண்டும். தரிசிலும் விதைப்புக்கு முன்னும், மேலோட்டமான ஓர் உழவே இதன் மெல்லிய ஆணிவேரை அறுத்துச் செடியைக் கொன்றுவிடும். உழவில்லா வயல்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ வசந்தத் தொடக்கத்திலோ, தண்டு எழுவதற்கு முன் அகன்ற இலைக் களைக்கொல்லி அடிக்க வேண்டும். கோதுமைக்குள் 2,4-டி போன்ற மருந்தைப் பயன்படுத்துவோர், பயிர் தூர் கட்டி முடித்து, கணு விடுவதற்கு முந்தைய இடைவெளியில், லேபிளில் உள்ள அளவைத் தாண்டாமல் அடிக்க வேண்டும். அந்த இடைவெளி தவறிப்போய்ச் செடி காய் பிடித்துவிட்டால், மருந்தை மிச்சப்படுத்தி, சிறு திட்டுகளை ஓடு வெடிக்கும் முன் கையால் பிடுங்கிப் பையில் கட்டி வயலை விட்டு அகற்றுவதே சரி.